பர்க்கத் கணக்கில் வராது

மெஹங்கா சிங் சாக்கு தைக்கிற கோணி ஊசியை எடுத்து நச்சத்தர் சிங்கின் உள்ளங்கையில் வைத்தபோது, குடோனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"நாளன்னைக்குக் காலையில கோதுமை ஏத்த கூட்ஸ் வருது. அம்பது தாண்டுனவன் எவனும் சர்க்கரை பார்த்த பேப்பர் இல்லாம மூட்டையில கை வைக்கக் கூடாது. நூத்தி நாப்பதுக்கு மேல இருந்துச்சுன்னா, இந்த ஊசியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா உக்காரு."

"சட்டம் எனக்கு மட்டுமா, வீர்ஜி?"

"எனக்கும்தான். நானும் அம்பத்தஞ்சுதான்யா. நானும் எடுக்கிறேன், போ."

மூட்டை தூக்குகிற அந்தக் கூட்டத்துக்கு மெஹங்காதான் மேட், அதாவது மேஸ்திரி; எல்லோருக்கும் வீர்ஜி, அண்ணன். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. கோதுமை சீசனில், மண்டி முழுக்கத் தானியம் மலை மலையாகக் குவிந்து கிடந்த நேரத்தில், நச்சத்தர் மூட்டையோடு மயங்கி விழுந்தான். விழுந்தவன் வெறுந்தரையில் விழுந்திருந்தால் பரவாயில்லை. கமிஷன் ஏஜெண்டின் மடியில் விழுந்தான். அன்றிலிருந்து இந்தப் பேச்சு.

ஊசிக்காரனுக்குக் கூலி பாதி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முப்பது வருஷம் முதுகில் சுமந்தவனை ஊசியோடு உட்கார வைப்பது, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுக் குதிரையை மட்டும் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. நச்சத்தர் ஊசியைத் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை அவன் பெண்சாதி சிந்தோ டீயைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

"வெறும் தண்ணி மட்டும். பல்லுல இனிப்பு பட்டாலும் பேப்பர்ல வந்துடும், சொல்லிட்டேன்."

"பல்லு இருக்கிறதே நாலு."

"அந்த நாலுலயும் படக்கூடாது."

அன்றைக்கு என்ன நாள் என்பது புருஷனுக்கும் உறைக்கவில்லை, பெண்சாதிக்கும் உறைக்கவில்லை. சைக்கிள் ஜி.டி. ரோட்டில் ஏறியதும்தான் அவனுக்கு உறைத்தது. சீக்கிய குரு உயிர்த்தியாகம் செய்த நாள்; போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இனிப்புப் பால் கொடுப்பது வழக்கம். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். ஊர் பூராவும் டிரம் டிரம்மாக ரோஸ் பால், பனிக்கட்டி மிதக்க மிதக்க.

மற்ற ஊரில் தாகம் எடுத்தவன் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். கன்னாவில் அப்படி இல்லை. இந்த ஊர் பிறந்ததே போகிறவனை நிறுத்தித்தான் என்று மண்டியில் ஒரு பேச்சு உண்டு. ராஜா காலத்தில் இந்தச் சாலையில் ஒரு சத்திரம் இருந்ததாம். டில்லிக்குப் போன ஒட்டகத்தையும் லாகூருக்குப் போன ஒட்டகத்தையும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி, தின்ன வைத்து, தூங்க வைத்து, கையில் இருந்ததை விற்கவும் வைத்தார்களாம். அப்புறம் ரயில் வந்தது, அதையும் நிறுத்தினார்கள். பஞ்சாபில் விளைகிற கோதுமையில் பாதியை இன்றைக்கும் இங்கேதான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒற்றை ஆள், ஓட்டை சைக்கிள், நச்சத்தர் எந்த மூலைக்கு?

டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர்கள் முதலில் பிடித்தார்கள். ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்தான், இன்னொருவன் கேரியரைப் பிடித்தான்.

"விடுங்கப்பா, ரத்தம் குடுக்கப் போறேன். வெறும் வயித்துல போகணும்."

"ரத்தம் குடுக்கப் போறவருக்குத் தெம்பு வேணாமா சாச்சா? குடிங்க."

"சர்க்கரை பார்க்க."

"இதுல சர்க்கரை எங்கே இருக்கு? குரு பேருதான் இருக்கு. வேணாம்னு சொல்லிடுவீங்களா?"

யாரால் சொல்ல முடியும்? நச்சத்தர் குடித்தான். குடித்து முடித்ததும்தான் பயம் பிடித்தது. நாலு மிதி மிதித்ததும் அந்தப் பயத்துக்கு ஒரு வழியும் கிடைத்தது.

மண்டியில் எடை போடும்போது யாரும் "ஒண்ணு" என்று எண்ணுவதில்லை. முதல் மூட்டை விழுந்தால் "பர்க்கத்" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அது ஆண்டவன் கொடுக்கிற பெருக்கம், அதற்கு எண் கிடையாது. அடுத்த மூட்டைக்குத்தான் "ரெண்டு". வாயில்தான் ஒன்று இல்லை, எடையில் அதுவும் சேர்த்திதான். ஆனால் முப்பது வருஷமாக "ஒண்ணு" என்றே சொல்லாத வாய்க்கு அது எங்கே தெரியப்போகிறது?

'முதல் கிளாஸ் பர்க்கத். அது கணக்கில் வராது' என்று முடிவு கட்டி, நிம்மதியாக மிதித்தான்.

ஜவுளி பஜாரில் மறித்தபோது அவனிடம் நியாயம் தயாராக இருந்தது. ஒரு விவசாயியின் குவியல் முடிந்து அடுத்தவன் குவியலுக்குப் போனால், மறுபடி பர்க்கத்திலிருந்துதானே எண்ணுகிறோம்? இது வேறு பஜார், வேறு குவியல். ஆகவே இதுவும் பர்க்கத். குடித்தான். சேலைக் கடைக்காரர் மறுபடி கிளாஸை நிரப்பினார்.

"ஐயோ, ரெண்டாவது வேணாம்! ரெண்டுன்னா கணக்குல வந்துடும்!"

"என்ன கணக்கு? காசா கேட்டேன்?" என்று அவர் முறைத்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், ஓட வழியில்லை. காலனிப் பெண்கள் வாளியோடு வந்தார்கள்.

"பால் எனக்கு ஒத்துக்காதும்மா."

"பொய்யைப் பாரு! மீசை செவப்பா இருக்கு. பஜார் ஆம்பளைங்க குடுத்தா குடிப்பீங்க, எங்க கைப் பால் மட்டும் ஒத்துக்காதோ?"

நரைத்த மீசை காட்டிக் கொடுத்துவிட்டது. குடித்தான். மூன்றாவது பர்க்கத்.

லேப் வாசலுக்கு வந்ததும் அப்பாடா என்று சைக்கிளை நிறுத்தினான். படியில் ஒரு டிரம் இருந்தது. பக்கத்தில் லேப் கம்பவுண்டர் கரண்டியோடு நின்றான்.

"வாங்க சாச்சா. முதல்ல இதைக் குடிங்க, அப்புறம் சீட்டு போடலாம்."

லேப்காரனே கொடுக்கும்போது மருத்துவத்தில் அதற்கு இடம் இருக்கும் என்று நம்பி நச்சத்தர் அதையும் குடித்தான். உள்ளே பெஞ்சில் மெஹங்கா சிங் உட்கார்ந்திருந்தான். அவன் மீசையும் ரோஜா நிறத்தில் இருந்தது. இருவரும் ஒருவர் மீசையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊசி குத்தும்போது கம்பவுண்டர் கேட்டான். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ஒண்ணு கூட இல்ல" என்றான் நச்சத்தர், மனசாட்சி சுத்தமாக.

ஒரு மணி நேரம் கழித்துப் பேப்பர் வந்தது. நச்சத்தருக்கு இருநூற்று அறுபத்தெட்டு. மெஹங்காவுக்கு முந்நூற்று முப்பத்தொன்று. கம்பவுண்டர் தலையைச் சொறிந்தான். காலையிலிருந்து வந்த பத்தொன்பது பேருக்கும் இதே கதை.

உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். "வாசல்ல டிரம் வைக்கச் சொன்னது எந்த மடையன்?"

"நேத்து நீங்கதான் மேடம் சொன்னீங்க."

அம்மா கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வாருங்கள், பணம் வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் மெஹங்கா பாய்ந்தான். "எத்தனை குடிச்சே?"

"நாலு பர்க்கத்."

"நாலு பர்க்கத்தா?"

"நாலு குவியல், வீர்ஜி. ஒவ்வொண்ணுலயும் முதல் கிளாஸ்தான். ஒரு இடத்துலயும் ரெண்டுக்குப் போகலை."

"அட எருமையே! குவியல் எத்தனை இருந்தா என்ன, வயிறு ஒண்ணுதானடா!"

"சரி, நீ எத்தனை?"

"ஏழு" என்றான் மெஹங்கா, குரலை இறக்கி. "குரு பேரைச் சொல்லிக் குடுத்தாங்க. என்ன பண்றது?"

பஜார் வழியாகத் திரும்பினால் மறுபடி பிடிப்பார்கள். இன்னும் குடித்தால் நாளைக் காலை வரை நிற்குமோ என்று இருவருக்கும் பயம். தண்டவாளத்து ஓரமாக, கருவேல முள்ளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஊரெல்லாம் இனிப்புப் பால் ஆறாக ஓட, நாக்கு வறண்டு போய் இரண்டு பேர். தூரத்தில் ஒரு வாளி பளபளத்தால்கூட மேட்டுக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

மறுநாள் காலை ரத்தம் கொடுத்துவிட்டு, பேப்பரோடு நேரே குடோனுக்கு வந்தார்கள். கூட்ஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. நச்சத்தர் பேப்பரை விரித்தான்: நூற்று இருபத்தாறு. கூட்டம் விசிலடித்தது.

"உன்னோடது எங்கே, மேட்?"

மெஹங்கா பேப்பரைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல் கொஞ்சம் முன்னால் இருந்தது. "எழுபத்திரண்டு."

"விரலை எடு, வீர்ஜி" என்றான் நச்சத்தர்.

விரலை எடுத்தான். எழுபத்திரண்டுக்கு முன்னால் ஒரு ஒன்று நின்றது.

"என்னடா பார்க்கறீங்க?" என்று மெஹங்கா நெஞ்சை நிமிர்த்தினான். "இந்த மண்டியில எவன்டா ஒண்ணுன்னு எண்ணியிருக்கான்? அது பர்க்கத்! அது கணக்குல வராது!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் குடோன் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. நச்சத்தர் தலைப்பாகை மடிப்பிலிருந்து கோணி ஊசியை உருவி, துடைத்து, மெஹங்காவின் உள்ளங்கையில் பதமாக வைத்தான்.

"வயிறு ஒண்ணுன்னு நீதானே வீர்ஜி சொன்னே? ஓரமா உக்காரு. நிழலா பார்த்து."

குனிந்து, முதல் மூட்டையை முதுகில் ஏற்றி, பலகை மேல் நடந்து வேகனுக்குள் போட்டான். எண்ணுகிறவன் நீட்டிக் குரல் கொடுத்தான்.

"பர்க்கத்!"

சாக்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டே மெஹங்கா சிங் கத்தினான்.

"ஒண்ணு! அது ஒண்ணுடா!"