கைராசி இல்லாதவள்

"கொஞ்சம் நிமித்திப் பிடிங்க தங்கச்சி" என்றார் சலூன்காரர்.

அவள் அண்ணனின் தாடைக்குக் கீழே இரண்டு விரல்களைக் கொடுத்தாள். நேற்று மாலை வரை காய்ச்சலில் கொதித்த தாடை இப்போது ஈரச் சுவர் மாதிரி குளிர்ந்திருந்தது. மருத்துவமனையில் இருபது நாள் வளர்ந்த தாடியை முதலில் கத்தரியால் குறைத்தாயிற்று. "இந்த முகத்தோட அவரை அனுப்ப மாட்டேன்" என்று அண்ணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். சொல்லியனுப்பியதுமே சலூன்காரர் கடையைப் பாதி அடைத்தபடி வந்துவிட்டார்.

நுரையைத் தடவிவிட்டு, அவர் ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அப்போதுதான் அவள் கைப்பிடியைப் பார்த்தாள்.

ஈட்டி மரம். கழுத்தில் மெலிந்து அடியில் பருத்து வரும், அண்ணன் கடைந்த வடிவம். ஆனால் மேலே அண்ணன் அடிக்கும் லாக்கர் பூச்சு இல்லை. கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல், ரேகைகள் ஆழத்தில் ஓடும் கறுஞ்சிவப்பு. அது எண்ணெய் குடித்த மரம். அவள் குடிக்கவைத்தது.

"இது எப்ப வாங்கினீங்க?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும். உங்க அண்ணன்கிட்டதான்."

"வெளுக்கலையா?"

"எதுக்கு வெளுக்கணும்? தினம் இருபது முகம். காலையிலேர்ந்து தண்ணியிலயே கெடக்கு. ஈரக் கையில வழுக்குதான்னு பாருங்க." அவர் அதை அவள் கையில் கொடுத்தார். வழுக்கவில்லை. "இன்னொன்னு வேணும்னு நாலு தடவை வந்தேன். எண்ணெய் போடுறவங்க ஊரை விட்டே போயிட்டாங்கன்னு சொல்லிட்டாரு. லாக்கர் போட்டதைத்தான் குடுத்தாரு, ஆறே மாசத்துல தோல் தோலா உரிஞ்சுது. போனவரைக் குறை சொல்லக் கூடாது. அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி?"

அவள் ரேசரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியாது."

அவர் வலது கன்னத்தை வழிக்கத் தொடங்கினார்.

கைப்பிடி கடையும் பட்டறையை அண்ணன் தொடங்கிய புதிதில் அண்ணனுக்கும் அவளுக்கும் நடந்த ஒரே சண்டை இதுதான். "பளபளன்னு இருந்தாத்தான் கை நீட்டி எடுப்பான்" என்பான் அவன். "தினம் நனையுற சாமான்ணா. மேல தோல் போட்டா ஒரு நாள் உரியும். உள்ள போகணும்" என்பாள் இவள். ஈட்டியில் இயல்பாகவே பிசுபிசுப்பு உண்டு. ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் எண்ணெய் காயவே காயாது. துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை ஒட்டத் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, வாட்டர் பேப்பர் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி. எட்டு முறை. ரேசர் தலையைத் திருகும் துளைக்குள் குச்சியில் பஞ்சு சுற்றித் தனியாக விடுவாள். தண்ணீர் திருட்டுத்தனமாக நுழைவது அந்த வழியாகத்தான். ஒரு கைப்பிடிக்குப் பதினாறு நாள். அண்ணனின் லாக்கர் அரை நாளில் காய்ந்துவிடும்.

மூன்றாம் வருடம் ஒரு நாள் அவன் ஒரு கைப்பிடியை அவள் முன் வைத்தான். சாம்பல் பூத்து, நெடுக வெடித்திருந்தது. "இது மாதிரி முப்பது திரும்பி வந்திருக்கு" என்றான். மற்றதைக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா. உனக்கு அது இல்ல, விடு. வெளியில யாருக்கும் தெரியாம நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டான். அவள் அட்டைப்பெட்டி மடித்தாள், முகவரி எழுதினாள், நூல் கட்டினாள். பதினோரு வருடம். தங்கையின் தப்பைத் தம்பட்டம் அடிக்காமல் மூடி மறைத்த அண்ணன் என்று நினைத்து நினைத்து, அவனுக்கு வாந்தி வந்தபோது வெறுங்கையை நீட்டிப் பிடித்தாள். முந்தாநாள் சற்று நினைவு தெளிந்து அவன் அவளைக் கூப்பிட்டான். குனிந்தாள். "லாக்கர் டப்பாவை இறுக்கி மூடினியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

"முடிஞ்சுது. மகராசன் தூங்குற மாதிரி இருக்காரு" என்றார் சலூன்காரர்.

அண்ணி உள்ளறையில் அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"அண்ணி, அந்த வெடிச்ச கைப்பிடி. அது எப்படி வெடிச்சுது?"

இஸ்திரிப்பெட்டி காலர்மேல் நின்றது. துணி கருகும் வாசனை லேசாக எழ, அண்ணி அதைத் தூக்கி நிறுத்திவைத்தாள்.

"இன்னிக்கா கேக்கணும்?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அண்ணி காலரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "எண்ணெய் போடாத வெறும் கட்டை அது. வாளித் தண்ணியில பத்து நாள் ஊறப்போட்டு, அப்புறம் வெயில்ல வச்சாரு. துணி நனைக்க வாளி வேணும்னு நான்தான் சத்தம் போட்டேன்."

"அப்ப ஒண்ணுகூட திரும்பி வரல."

"வரல."

"உங்களுக்குத் தெரியும்."

"வர்றவன் எல்லாம் 'எண்ணெய் போட்டது யாரு'ன்னு கேட்டான். ராப்பகலாக் கடையுறது இவரு. பேரு உனக்கு. சோறே இறங்கல அவருக்கு. என்னை என்ன பண்ணச் சொல்ற? கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்கவா?"

"எனக்குக் கைராசி இல்லேன்னு நீங்களும்தானே சொன்னீங்க அண்ணி. என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்டகூட, சிரிச்சுக்கிட்டே."

அண்ணி சட்டையை உதறிப் பார்த்து, "ரெண்டாவது பட்டன் இல்ல" என்றாள். டப்பாவிலிருந்து ஊசியை எடுத்தாள். நூல் முனை மூன்று முறை காதைத் தப்பியது. அவள் ஊசியை வாங்கி, நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பிறகு வெளியே வந்துவிட்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. மரக்கடைக்காரர் வழித்த முகத்தைப் பார்த்து விசும்பினார். "என்னா கை! மரம் பேசும் அந்தக் கையில. ஏம்மா, உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டாரே, இல்லையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணியும், சட்டையோடு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். "வழி விடுங்க, அண்ணி சட்டை போட்டுவிடணும்" என்றாள்.

பத்து மணிக்கு அண்ணனை வேனில் ஏற்றினார்கள். பின்னால் போக ஒரு கார் வந்திருந்தது. அண்ணி பின்சீட்டில் ஏறி, ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

அவள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போனாள். டிரைவர் அந்த முன்சீட்டில் கிடந்த தன் செய்தித்தாளையும் தண்ணீர் பாட்டிலையும் அவசரமாக எடுத்தார்.

"முன்னாடி வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும்மா."

"பரவால்ல" என்று ஏறி உட்கார்ந்தாள்.