தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு ஆமென்

அடையாறு சபையில் அன்று சிருஷ்டிப்பின் ஞாயிறு. கர்த்தர் வானத்தையும் பூமியையும், மரம் மட்டையையும், கொசு உட்பட சகலத்தையும் படைத்ததற்காக, கதவு ஜன்னலை எல்லாம் இறுக்கச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு நன்றி செலுத்தினார்கள்.

கடைசி பெஞ்சில் ஷீலா. சபை வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். புருஷன் ஓடிப்போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த நிழல்தான். பிரசங்கம் நீண்டால் கண் சொக்கும். ஆனால் பேச்சு எங்கே நின்றாலும் வாய் தானாக ஆமென் சொல்லிவிடும். சபையில் பாதிப் பேருக்கு இந்த வரம் உண்டு.

சபைக்கு எதிர்வீட்டில் இருக்கும் செயலாளர் ஞானாபரணம் மைக்கைப் பிடித்தார். "சகலத்தையும் படைத்தவர் நமக்குக் கார்களையும் தந்திருக்கிறார். நிறுத்தத்தான் இடமில்லை. வாசல் மரத்தை எடுத்துவிடலாம் என்று கமிட்டி ஜெபித்து முடிவு செய்திருக்கிறது. சபையின் சித்தம் என்ன?"

"ஆமென்!" எல்லாரையும் முந்திக்கொண்டு கேட்டது ஷீலாவின் குரல்தான்.

பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் ஷீலாவுக்குத் தூக்கம் கலைந்தது. ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் ஓடினாள்.

"சார், தூக்கத்துல சொல்லிட்டேன் சார். மரம் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"சந்நிதியில சொன்ன ஆமெனை வாபஸ் வாங்க முடியாதும்மா. மரம் என்ன உன்னுதா, என்னுதா? எல்லாம் அவர் படைச்சது." சொல்லிவிட்டு, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்த வேப்பங்கன்றில் ஒன்றை அவள் கையிலும் திணித்தார்.

வியாழக்கிழமை மரம் விழுந்தது. மறுநாள் மேலே வெயில், கையில் கரி இஸ்திரிப்பெட்டி. ஷீலாவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஞானாபரணம் புது பார்க்கிங்கில் காரை நிறுத்தி, இஸ்திரிக்கு வெள்ளைச் சட்டை மூட்டையோடு இறங்கி, அதை அவளிடம் கொடுத்தார்.

"கன்னை நட்டியாம்மா? படைச்சவர் வளர்ப்பாரு."

"வளப்பாரு சார். அதுவரிக்கும் எதுத்தாப்புல உங்க வூட்டு போர்டிகோல வண்டிய போட்டுக்கறேன். நல்லா நெழலா கீது."

"அதெப்படிம்மா? அது எங்க சொந்த இடம்."

"மரத்த மட்டுந்தான் அவரு படைச்சாரா? போர்டிகோவ நீ படைச்சியா?"

ஷீலா சட்டை மூட்டையை அவர் காரின் மேலேயே வைத்துவிட்டு, வண்டியை அவர் வீட்டு கேட்டைப் பார்த்துத் தள்ளினாள்.