ஓடை வரைக்கும் ஆத்தாமார்

ஐம்பத்தெட்டாம் வருசம், பூண்டு எடுக்குற நேரம். மழை வேற மூட்டம் போட்டுக் கெடக்கு. நனைஞ்சா அம்புட்டும் அழுகிப்போகும். எம் மக சின்னத்தாயி அஞ்சாவது படிக்கிறா. படிச்சது போதும், இன்னியோட நிப்பாட்டிக் காட்டுச் சோலிக்குக் கூட்டிட்டுப் போயிரணும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு வெரசாப் போனேன். எனக்குக் கோவம் எப்பவும் மூக்கு மேலதான்.

போய்ப் பாத்தா வகுப்புல ஈ காக்கா இல்லை. அத்தனையும் வெளிய சரிவுல கையைக் கோத்து வரிசையா நிக்குதுக. பாடம் நடத்தச் சொன்னா வெளையாட்டா நடக்குதுன்னு எனக்கு இன்னும் ஏறிப்போச்சு.

நடந்தது என்னன்னா, மேட்டுல பலகைக்கல்லை நிறுத்தி மூடியிருக்குற ஆதிகாலத்துக் கல்வீட்டை யாரு கட்டுனதுன்னு, பழனியில இருந்து வந்த சண்முகசுந்தரி டீச்சர் சரித்திரப் பாடத்துல கேட்டிருக்காங்க. “எங்க தாத்தா”ன்னு சொல்லிருக்குதுக. பழசுன்னா அதுகளுக்கு எல்லாம் தாத்தா காலந்தான். அதுக்கும் முன்னால எத்தனை பேரு வாழ்ந்தாங்கன்னு காட்டத்தான் இந்த வரிசை. முதல்ல எம் மக. பக்கத்துல ஞானவேலு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, அவளுக்கு ஆத்தாளாம். அதாவது நான். அடுத்தது என் ஆத்தா, அவளுக்கு ஆத்தான்னு ஓடை வரைக்கும் இறங்கிருச்சு. புள்ளைக பத்தலைன்னு பூண்டுக்கட்டு சுமந்து போனவங்களையும் பிடிச்சு நிறுத்திட்டாங்க அந்தப் பழனிக்காரம்மா. “கல்வீட்டுக் காலம் இன்னும் வரலை”ங்கிறாங்க. என்ன பொம்பளைங்க அது! அம்புட்டு வருசத்தையும் கண்ணுல காட்டிட்டாங்களே.

நான் விடுவேனா? மக கையைப் பிடிச்சு இழுத்தேன். “வாடி, படிச்சது போதும்.”

“வந்துட்டீங்களா அழகம்மா? ஞானவேலு, நீ கடைசிக்குப் போ. அவங்க எடத்துல அவங்களே நிக்கட்டும்”னாங்க டீச்சர்.

ஞானவேலு விட்ட எடத்துல போய் நின்னேன். பிடிச்ச கையை மட்டும் விடலை.

டீச்சர் சத்தமாக் கேட்டாங்க. “நீங்க யாரா நிக்கிறீங்களோ அவங்களுக்காகப் பதில் சொல்லணும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க.”

ஓடையில இருந்து என் வரைக்கும் ஒரு கைகூட எழும்பலை. என் ஆத்தாளா நின்ன புள்ள அண்ணாந்து என்னைப் பாத்துச்சு. எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

சின்னத்தாயி மட்டும் தூக்கினா. நான் பிடிச்சிருந்த கைதான் அது. எங் கையும் கூடவே மேல போயிருச்சு.

மெல்ல விட்டேன்.

“நாளைக்கும் வருவா டீச்சரம்மா. பூண்டை நான் பாத்துக்கிறேன்.”