விரலுக்குத் தெரியாத விசை

யாரையும் நம்பிப் பழக்கமில்லை எனக்கு. டாக்டரை நம்ப மாட்டேன், சாமியாரை நம்ப மாட்டேன், பேய் பிசாசை நம்பவே மாட்டேன். ஆனால் பதினாலு வருஷமாக மார்கழி விடியலில் என் முதுகுக்குப் பின்னால் அந்தோணிசாமி இருமுகிறான். திரும்பினால் வெறும் வரப்பு. செத்தவன் இருமுவானா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கும் இருமல்தான் வந்தது.

அவன் பெண்சாதி இருதயமேரி இந்த எண்பத்தி நாலு மார்கழியில் திண்டிவனத்துக்கு என்னைத் தேடி வந்தாள். மகள் காந்திமதி விழுப்புரம் காலேஜில் என்.சி.சி. நன்றாகத் துப்பாக்கி சுடுகிறாள் என்று டெல்லிப் போட்டிக்கு எடுத்திருந்தார்கள்.

"அண்ணே, அங்க வெரலு வெறச்சிப் பூடுமாம். கைக்கு மேஜோடு வாங்கியாரச் சொல்லுது பொண்ணு. எனக்கு இன்னா தெரியும்? நீதான் குளிருல துப்பாக்கி புடிச்ச ஆளு. கூட வா."

அவள் புருஷனைக் கொன்றது என் துப்பாக்கி. கழுவேலி ஏரியில் ஒரு மார்கழி விடியலில் நானும் அவனும் நீர்க்கோழி சுடப் போன இடத்தில். நாணலுக்குள்ளிருந்து அவன் திடீரென்று எழுந்தான், குண்டு புறப்பட்டுவிட்டது என்று போலீசிடம் சொன்னேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன். தலையெழுத்து என்றது ஊர். அவளும் ஒரு நாள்கூட என்னைக் கடிந்து பேசியதில்லை.

கோட்டக்குப்பத்தில் துபாய் சாமான் விற்கிற கடைக்குப் போனோம்.

"கைக்கு மேஜோடா!" பாய் சிரித்தார். "கிளவுஸ்னு சொல்லும்மா. நம்மூரு வெயில்ல இதக் கேக்கறது நீ ஒருத்திதான்."

"சிரிக்காம எடு பாய். ஜல்தி. பஸ்ஸு பூடும்."

கம்பளியில் ஒன்று, மெல்லிய தோலில் ஒன்று, உள்ளே மயிர் வைத்துத் தைத்த தடித்த தோலில் ஒன்று. தடித்ததைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கோழிக்குஞ்சு கணக்கா கீது. இதான்."

"போட்டுப் பாருங்க பெரியவரே" என்று பாய் அதை என் வலது கையில் மாட்டிவிட்டார்.

அதே கனம். அதே சூடு. ஆள்காட்டி விரல் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. என்னைக் கேட்காமல் அது தானாக மடங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினேன். வாசலில் வெயில்தான் இருந்தது.

"இதையே கட்டு பாய்," என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் இதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கி பிடிக்கும். எதிரில் எவனாவது நிற்பான். வாயைத் திறந்தால் இவள் வாயில் அண்ணே என்ற சொல் இனி வராது. எனக்கு உறவென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"அது வேணாம். மெல்லிசு எடு. சோத்துக்கை ஆள்காட்டி வெரல மட்டும் வெட்டி உட்ரணும். விசை மேல தோலு படணும்."

"குளிருக்கு வாங்கிட்டு வெரல வெட்டறதா? எப்பிடிண்ணே அவ்ளோ உறுதியா சொல்ற?"

"அன்னிக்கு இதே மாதிரி ஒண்ணு போட்டுக்கினு இருந்தேன். பட்டாளத்துக்காரன் ஒருத்தன் குடுத்தது. விசைய அமுக்கனது வெரலுக்கே தெரியல. அவன் எழுந்திரிக்கல மேரி. எம் முன்னாடி குந்திக்கினு இருமிக்கினு இருந்தான். சுட்ட பிறகு கிளவுஸ ஏரியில வுட்டெறிஞ்சிட்டேன்."

பாய் காகிதம் மடிப்பதை நிறுத்தினார்.

"கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் சோறாக்கிக் கூப்புட்டேன்," என்றாள். "ஒரு தபா எங்கூட்ல கை நனைக்கல நீ. வவுறு சரியில்லன்ன. இதுக்குத்தானா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"எழுந்திரிச்சது அவரு தப்புன்னு பதினாலு வருசமா அவரத் திட்டிக்கினு கீறேன்யா. செபத்துலகூடத் திட்டனேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் மெல்லிய ஜோடியை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"எங்க வெட்டணும், காட்டு."

இடது கையால் இரண்டாவது கணுவைக் காட்டினேன். பாயின் கத்திரிக்கோலை வாங்கி அவளே வெட்டினாள்.

"நீ அடுத்த பஸ்ஸுல வா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணே என்று சொல்லவில்லை.

"கழட்டிக் குடுங்க பெரியவரே," என்றார் பாய்.

தடித்தது இன்னும் என் வலது கையில் இருந்தது. இழுத்தேன். மற்ற விரல்கள் வந்தன. ஆள்காட்டி விரல் மடங்கினபடியே உள்ளே கிடந்தது. பாயும் சேர்ந்து இழுத்தார். அது வரவில்லை.