பாருக்குப் போட்ட எண்ணெய்

ஹயாத் பாஷாவைப் பொறுத்தவரை இரும்பு என்றால் எண்ணெய் போட வேண்டும், அவ்வளவுதான். திருத்தணியில் அரக்கோணம் சாலையோரம் பைக் மெக்கானிக். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையேறி மூச்சுவாங்கிய வண்டிகளையெல்லாம் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த கை அவருடையது. மகள் அலீஷா ஜிம்னாஸ்டிக்ஸில் மாநில சாம்பியன் ஆனதற்கும் அந்தக் கைதான் காரணம். பழைய தண்ணீர்க் குழாய்களை வெல்டிங் வைத்து ஷெட்டுக்குப் பின்னால் அவர் நட்ட பாரில் தொங்கித்தான் அவள் வளர்ந்தாள்.

"பொட்டப் புள்ளைய இப்டி தொங்க உட்டுகினு கீறியே பாஷா" என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து அங்கலாய்த்தார்கள். அவர் மனைவி சர்வர் பேகம் அவர்களுக்கு வயிறார பிரியாணி போட்டு அனுப்பினாளே தவிர, மகளின் போட்டி உடுப்பைத் தைப்பதை நிறுத்தவில்லை.

தேசியப் போட்டி நெருங்கிய நேரத்தில் அடைமழை. பாரில் துரு ஏறிவிட்டது. பாஷா விடியற்காலையில் எழுந்து அதைத் தேய்த்து, மினுமினுக்க எண்ணெய் பூசி வைத்தார். ஆசை ஆசையாய்ச் செய்தது. அலீஷா சுழன்ற வேகத்தில் கை வழுக்கி விழுந்தாள். முழங்கை முறிந்தது, போட்டியும் போயிற்று.

"கை வேர்த்துடுச்சி" என்று எல்லாரிடமும் சொன்னாள். எண்ணெய் பூசியதைப் பாஷா யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே பாரை சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவர், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கட்டுப் பிரித்து, கை தேறிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவளோ பாரைத் தொடவேயில்லை. "இந்த மாசமும் ஆரம்பிக்கலன்னா டீம்ல பேர் இருக்காது சார்" என்று பயிற்சியாளர் சுசித்ரா போனில் சொன்னாள். பிள்ளைக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டதே என்று நினைத்தார் பாஷா. இனியும் மறைத்தால் மனுஷனே இல்லை.

அன்று சாயங்காலமே மகள் முன்னால் போய் நின்றார்.

"உன் கை மேல தப்பு இல்லம்மா. நான்தான் எண்ணெ போட்டேன்."

"தெரியும்பா. தொட்டதுமே தெரிஞ்சிடுச்சி."

"அப்புறம் ஏன் ஏறின?"

"நீ எதிர்லயே சிரிச்சிகினு நின்ன. தொடச்சா உன் மூஞ்சி வாடிடும். கை வழுக்காம இருக்கப் பூசற மாவ ஜாஸ்தியா பூசிகினா தாங்கிடும்னு நெனச்சேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இப்ப ஏம்மா ஏற மாட்டேங்கிற?"

"நீதான் அந்தப் பக்கமே வர்றதில்லியே. கீழ என்னப் புடிக்க யாரு நிப்பா?"

அவர் ஷெட்டுக்குப் பின்னால் நடந்தார். பாருக்குக் கீழே போய் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார். அலீஷா ஏறினாள். கண்ணீர் அவர் பார்வையை மறைத்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.