சோறு தொடாத ஒரு மாதம்

1981 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஈப்போவில் ஒரு கிளினிக்கில், லாரி ஓட்டுநர் ஆம்புரோஸின் எடை 101 கிலோ. வயது நாற்பத்து நான்கு. இரத்த அழுத்தம் 180க்கு 115.

லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவரின் கையெழுத்து வேண்டும். டாக்டர் நவமணி அந்தப் படிவத்தை எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

"மாத்திரை தாரேன். சிகரெட்ட விடுங்க, நடங்க, தீனியக் குறைங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. எறங்கியிருந்தா கையெழுத்துப் போடுறேன்."

ஆம்புரோஸுக்குத் தெரிந்தது இரண்டு வேலை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் லாரிக்கு வந்தார். லைசென்ஸ் போனால் மூன்றாவது வேலை இல்லை. அன்றே சோற்றை விட்டார். அவர் மனைவி ஹில்டா உலையில் ஓர் ஆளுக்கான அரிசியைக் குறைத்தாள்.

செப்டம்பர் 3ஆம் தேதி தராசு 104 காட்டியது. அழுத்தம் இறங்கவில்லை.

"தராசு சரியில்ல டாக்டர்," என்றாள் ஹில்டா. "மாதா சத்தியமா ஒரு பருக்கை தொடல."

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றார். ஐம்பத்திரண்டு. அவர் எடை அதுதான்.

"சோறு இல்லாம பசிய எப்படித் தாங்குனீங்க?"

கதவருகே நின்ற மாயாண்டி பதில் சொன்னார். ஒன்பது வருடமாக அதே லாரியில் கெலிண்டானாக, ஓட்டுநருக்கு உதவியாளாக, உடன் போகிறவர்.

"பசி எங்க டாக்டர்? காலையில ரொட்டி சானாய் நாலு. பதினோரு மணிக்கு எண்ணெயில பொரட்டுன மீ கோரெங் நூடுல்ஸ். சாயங்காலம் வாழப்பழம் பொரிச்ச பிசாங் கோரெங். நிறுத்துற எடத்துல எல்லாம் நொர பொங்க ஒரு தே தாரிக் டீ."

"எத்தன?"

"எட்டு, ஒன்பது இருக்கும்லா. ஆனா அண்ணன் சீனி போட விடல. வெறும் டின் பால்தான்."

"டின் பால்ல பாதி சீனிதான்," என்றார் டாக்டர்.

ஹில்டா கணவரைப் பார்த்தாள். மரம் வெட்டிய காலத்திலும் அவர் இப்படித்தான் தின்றார். அப்போது விடியலில் முந்நூறு மரம் நடந்து, பால் வாளி சுமந்தார். இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தார். காகிதத்தை இரண்டு முறை பார்த்தார்.

"நெஞ்சு வலி எப்ப வந்துச்சு?"

"வந்ததில்ல டாக்டர்."

"அண்ணே, சிலிம் ரிவர்," என்றார் மாயாண்டி.

"அது வாயுக் காத்துலா."

ஜூன் மாதம், சிலிம் ரிவர் என்ற ஊரில், இடது கையும் தாடையும் வலித்து, சட்டை நனைய வேர்த்து, சாலையோரம் வாந்தி எடுத்திருக்கிறார். இஞ்சித் தண்ணீர் குடித்தார். ஒரு மணி நேரம் படுத்தார். பிறகு பத்து டன் சிமெண்டோடு ஈப்போவுக்கு ஓட்டி வந்தார்.

"அது காத்து இல்ல," என்றார் டாக்டர். "உங்க இதயத்துல ஒரு பகுதி அன்னைக்கே செத்துப்போச்சு."

மாயாண்டி தன் நெஞ்சில் கை வைத்திருந்தார், அவருக்கே தெரியாமல்.

"அன்னைக்கு ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடுத்தேனே," என்றாள் ஹில்டா. "தெம்பா இருக்கட்டும்னு ரெண்டு கிண்ணம்."

"அதுக்கப்புறம் நாலு தடவ சிங்கப்பூர் போயிட்டு வந்தோம்," என்றார் மாயாண்டி.

டாக்டர் இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து, 'தகுதியில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்டோபரிலிருந்து அந்த லாரியை வேறொருவர் ஓட்டினார்.