சாவு தொட்டவர்கள்

"உன் பேரையும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் மூத்தவர், கையைக் கழுவிக்கொண்டே. கடைக்குப் போய் வா என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இளையவள் துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியும். இருந்தாலும் கேட்டாள். "எதுக்கு அத்தான்?"

"எதுக்கா? செத்தவங்களைக் குளிப்பாட்டத்தான். செயலாளர் வீட்டுலேருந்தே ஆள் வரலைன்னா நாளைக்கு நான் மைக்ல நின்னு எப்படிப் பேசுவேன்?"

மூத்தவர் அவள் கணவனின் அண்ணன். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடையைவிட வழிபாட்டு மண்டபத்தின் செயலாளர் பதவிதான் அவருக்குப் பெருமை. அவருடைய மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியார் அவருக்கு மறுபடி பெண் தேடிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போவதற்கான சட்டையை இளையவள்தான் தைத்துக் கொடுத்தாள். தையல் மெஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது. அவள் கணவன் கட்டட வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து செத்துப்போனான். அவளுக்கு யாரும் எதையும் தேடவில்லை.

ஊரில் புதிதாக ஒரு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. அது ஆளைக் கொன்ற பிறகும் விடாது. பிணத்தைத் தொட்டவர்களையும் பிடித்துக்கொள்ளும். சுகாதார நிலையத்து நர்சம்மா மண்டபத்துக்கே வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள். "இது அடங்குற வரைக்கும் குளிப்பாட்டாம அடக்கம் பண்ண முடியாதாங்க?" மண்டபத்துச் சபையின் பெரியவர் கண்ணை மூடி யோசித்து, வேதத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். உடம்பு முழுவதையும் மூடும் கவச உடையும் பயிற்சியும் சுகாதாரத் துறை கொடுக்கும், ஆட்களைச் சபை கொடுக்கும்.

அந்த ஆட்கள் யார் என்று நர்சம்மாவுக்குத் தெரியாது. சபைக்குத் தெரியும். செத்தது ஆணோ பெண்ணோ, குளிப்பாட்டுவது புருஷனை இழந்த பெண்களின் வேலை. சாவு ஒரு தடவை தொட்டுவிட்டவர்களை மறுபடி தொடாதாம். இப்படி ஒரு வசதியான நம்பிக்கையைக் கண்டுபிடித்தது யாரோ தெரியாது. நிச்சயமாக அது புருஷனை இழந்தவள் இல்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் தள்ளாத கிழவிகள். கையில் தெம்புள்ளவர்கள் இரண்டே பேர், சிரிப்பக்காவும் இளையவளும்.

"அத்தான், எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பாப்பாவுக்கு யாரு இருக்கா?"

"அபசகுனமா பேசாத" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "செத்தவங்களுக்குச் செய்யறது புண்ணியம்டி. ஆனா ஒண்ணு. வந்ததும் நேரா பின்ரூமுக்குப் போயிடு. கூடத்துல கால் வைக்காத. குழந்தை எங்கிட்டயே இருக்கட்டும்."

புண்ணியத்தைக் கூடத்துக்குள் விடக்கூடாது போலும். இளையவள் அதைச் சொல்லவில்லை. அப்போதெல்லாம் அவள் மனதுக்குள்தான் பேசுவாள்.

வாய்விட்டுப் பேசுகிறவள் சிரிப்பக்கா. பல் தெரியச் சிரித்தே வளர்ந்தவள், புருஷன் போன பிறகும் அந்தக் கெட்ட பழக்கத்தை விடாதவள். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. முதல் பிணத்தின் முன்னால் இளையவள் சொம்பை எடுக்காமல் நின்றபோது, "பயப்படாதடி, இவரு உயிரோட இருந்தப்பதான் கையை நீட்டுவாரு. இப்ப பரம சாது" என்றாள். அழவேண்டிய இடத்தில் இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நர்சம்மா சொல்லிக்கொடுத்தது மேல்கோட்டு, கண்ணாடி, முகக்கவசம், நீள பூட்ஸ் எல்லாம் போட்டுச் செய்யும் வேலை. எல்லாம் வந்தும் இருந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு மூத்தவரும் இன்னும் இரண்டு நிர்வாகிகளும் வாசற்படியில் நின்றார்கள். "நெத்தியிலேருந்து ஊத்துங்க. வலது பக்கம் முதல்ல. அவசரப்படாதீங்க" என்று அங்கிருந்தே சொல்லுவார்கள். உள்ளே இருந்த இரண்டு பெண்களுக்கும் கையுறை மட்டும். அதையும் கழுவி, கொடியில் காயப்போட்டு, அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

"அத்தான், அந்தக் கோட்டு எங்களுக்கும் வேணுமில்ல?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

கண்ணாடிக்குள்ளிருந்து மூத்தவர் அவளைப் பார்த்தார். "நாங்க நாலு பேரோட பழகறவங்க. பாதுகாப்பா இருக்க வேண்டாமா? உங்களுக்கென்ன, உங்களைத்தான் ஏற்கெனவே தொட்டாச்சே."

"உங்க வீட்டு மைக்கைப் பாரேன்" என்று சிரிப்பக்கா காதில் சொன்னாள். "மாப்பிள்ளை கணக்கா ஜோடிச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் விட்டா செத்தவனுக்கே எப்படிச் சாகறதுன்னு கிளாஸ் எடுக்கும்."

மழை பிடித்த வாரத்தில் சிரிப்பக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையத்தில் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். உதடு வெடித்துக் கிடந்தவள் இளையவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். அதுதான் கடைசி.

செய்தி வந்ததும் இளையவள் ஓட்டமாய் மண்டபத்துக்குப் போனாள். "நான் குளிப்பாட்டறேன். கோட்டு மட்டும் கொடுங்க, என் கையால நான் செஞ்சு அனுப்பறேன்."

பெரியவர் கண்ணை மூடினார். இந்த முறை சீக்கிரமே திறந்தார். "வேண்டாம்மா. ஆபத்துக் காலத்துல அப்படியே அடக்கம் பண்ண வேதத்துல இடமிருக்கு. முனிசிபாலிட்டி வண்டி பார்த்துக்கும்."

"அப்ப ஏன் இத்தனை நாளா..."

"நீ ஒருத்திதானே மிச்சம்" என்று மூத்தவர் குறுக்கே புகுந்தார். "உனக்கும் ஏதாவது ஆயிட்டா அப்புறம் எங்களுக்கு யாரு இருக்கா?"

அதை அவர் அக்கறையோடுதான் சொன்னார். உடைந்துபோகாமல் எடுத்து வைக்கவேண்டிய சாமானைப் பற்றி இரும்புக் கடைக்காரருக்கு இருக்கும் அக்கறை அது. சிரிப்பக்காவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். மண்டபத்திலிருந்து ஒருவரும் கூடப் போகவில்லை. இளையவள் தெருமுனைவரை வண்டியின் பின்னால் நடந்தாள்.

பெண் பிடித்துப்போய் மூத்தவரின் கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் மாமனார் படுத்தார். நர்சம்மா வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் மூச்சு நின்றது.

கூடத்தில் பெரியவரும் நிர்வாகிகளும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். மாமியார் சுவரில் சாய்ந்து, அழுது ஓய்ந்து கிடந்தாள். மூத்தவர் பின்ரூம் வாசலுக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அப்பாமேல் அவருக்கு உயிர். அதில் பொய்யில்லை.

"தண்ணி காயவைம்மா."

இளையவள் மெஷினை நிறுத்தினாள். பாப்பா கதவிடுக்கில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மடியில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்றோ, அதற்கே மறந்திருக்கும். அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். அங்கே கால் வைக்கக்கூடாது என்பதை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை.

"நான் செய்யமாட்டேன் அத்தான்."

"என்ன?"

"சிரிப்பக்காவை அப்படியே அனுப்பினீங்களே. மாமாவையும் அப்படியே அனுப்புங்க."

"அவளும் எங்கப்பாவும் ஒண்ணா? சபையைக் கட்டினவர்டி அவரு! குளிப்பாட்டாம அநாதைப் பொணம் மாதிரி அனுப்பச் சொல்றியா?"

பிறகு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை, ஒரு சிக்கலுக்கு வழி கண்டுபிடித்த திருப்திதான் குரலில் இருந்தது. "சின்னவ மாட்டேன்னா விடுங்க. இந்த வீட்டுல இன்னொருத்தங்க இருக்காங்களே இப்ப."

அது யார் என்று புரிய எல்லோருக்கும் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் புரிந்தது மாமியாருக்கு. முதுகு நிமிர்ந்து, மகனைப் பார்த்தாள்.

"என்னையாடா சொல்றாரு?"

மூத்தவர் தரையைப் பார்த்தார். "இல்லை" என்று சொல்ல அவருக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

இளையவளுக்கு மாமியார்மேல் பழைய கோபம் எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. விடுவிடுவென்று மூத்தவரின் அலமாரிக்குப் போய் அவருடைய மேல்கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாவற்றையும் எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"அத்தை எதுக்கு? சாவு தொட்டவங்கதான் செய்யணும்னா, இந்த வீட்டுல இன்னும் ஒருத்தர் இருக்காரு. பிரசவத்துல அக்கா செத்தப்ப உங்களையும் அது தொட்டுச்சே அத்தான். போட்டுக்கிட்டு உள்ள போங்க. நான் வாசப்படியில நின்னு சொல்றேன், எந்தப் பக்கம் முதல்ல ஊத்தணும்னு."

மூத்தவர் கோட்டைப் பார்த்தார், அப்பா கிடந்த அறையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கண்ணை மூடினார்.

சற்று நேரத்தில் முனிசிபாலிட்டி வண்டி வந்தது.

அன்று சாயங்காலம் மண்டபத்து ஒலிபெருக்கி கரகரத்தது. மூத்தவரின் குரல் தழுதழுத்தது. தன் தந்தையிலிருந்தே இந்த மாற்றத்தைத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். இனி யாரையும் குளிப்பாட்டாமல் அடக்கம் செய்ய வேதம் அனுமதிப்பதைப் பெரியவர் கண்டறிந்திருக்கிறாராம். ஊரிலேயே இந்தச் சபைதான் சுகாதாரத் துறையோடு முதலில் கைகோத்ததாம்.

மாமியார் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே பின்ரூமுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. "இது முன்னாடியே வேதத்துல இருந்ததாடி?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கும் அத்தை."

"...எல்லாம் வல்ல இறைவன் அருளால்," என்றது ஒலிபெருக்கி, "இந்தப் பணியில் நமது சபை ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை."

சிரிப்பக்கா இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.